பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அது போதுமா?

கேள்வி: எனக்கு வயது 56. வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம், "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு மெயில் வந்தது. அதிலிருந்த லிங்கைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுத்தேன். போனுக்கு வந்த ஓடிபியையும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, நான் மருத்துவமனையில் இருப்பதாகவும் அவசரமாகப் பணம் வேண்டும் என்றும் என் பெயரில் பலருக்கு மெயில் போயிருக்கிறது. ஒரு தோழி பணமும் அனுப்பிவிட்டார். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். பழைய பாஸ்வேர்டைத்தான் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். "இதுகூடவா தெரியாது?" என்று மகன் கேட்டுவிட்டான். வெட்கத்தில் அந்தத் தோழியிடம் இன்னும் பேசவில்லை. பாஸ்வேர்டை மாற்றியது போதுமா? பேசாமல் அந்த மெயில் கணக்கையே மூடிவிட்டு ஒதுங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் தோழிக்கு போன் செய்யுங்கள். திருட்டுப் பணம் ஒரு கணக்கில் அதிக நேரம் நிற்காது. கை மாறிக் கை மாறிப் போய்விடும். அவர் தன் வங்கியிடம் சொன்னால்தான், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்க அவர்களால் முயற்சி செய்ய முடியும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் வாய்ப்பு குறைந்திருக்கும். ஆனாலும் வங்கியில் ஒரு புகார், போலீஸின் சைபர் குற்றப் பிரிவில் ஒரு புகார், இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். அவருக்கு வந்த அந்த மெயிலை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அது எந்த வழியாக வந்தது என்ற விவரம் அந்த மெயிலுக்குள்ளேயே இருக்கிறது, விசாரிப்பவர்களுக்கு அது தேவைப்படும்.

பேசிவிட்டீர்களா? சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பாஸ்வேர்டை மாற்றியது சரியான காரியம். ஆனால் அது மட்டும் போதாது. உள்ளே வந்த திருடன், நீங்கள் பூட்டை மாற்றுவதற்கு முன் பின்பக்கக் கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கதவுகள் எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வெட்கம்தான் ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறது.

2016 மார்ச்சில், ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியது போல ஒரு மெயில் வந்தது. உங்கள் பாஸ்வேர்ட் யாருக்கோ தெரிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று. சந்தேகப்பட்டு அதைக் கணினிப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டார்கள். அங்கிருந்தவர், இது முறையான மெயில்தான் என்று பதில் எழுதிவிட்டார். 'முறையற்றது' என்று எழுத நினைத்துத் தவறிவிட்டதாக அவர் பிறகு சொன்னார். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாஸ்வேர்டை மாற்றுவதற்கான கூகுளின் உண்மையான முகவரியையும் அவர் அந்தப் பதிலிலேயே கொடுத்திருந்தார். அதன் வழியாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அழுத்தப்பட்டது, முதல் மெயிலில் இருந்த போலி லிங்க். அந்த அக்டோபரில் அவருடைய ஆயிரக்கணக்கான மெயில்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியாகத் தொடங்கின. கேட்டுச் சொல்ல ஆள் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இதை மகனிடம் படித்துக் காட்டுங்கள்.

ஓடிபி கேட்டார்களே, அதனால் உண்மையான இடம் என்றுதானே நம்பினீர்கள்? பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நடந்தது அநேகமாக இதுதான். நீங்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிய அதே நொடியில், அந்தப் பக்கம் அதை எடுத்துக்கொண்டு போய் உண்மையான மெயில் தளத்தில் போட்டிருக்கும். உண்மையான தளம் வழக்கம்போல உங்கள் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கும். ஆக, அந்த எண் உண்மையானது, அதை அனுப்பியவரும் உண்மையானவர். நீங்கள் அதைக் கொண்டுபோய்ப் போட்ட பெட்டி மட்டும்தான் போலி. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது பின்பக்கக் கதவுகள். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் மெயில் கணக்கின் செட்டிங்ஸைத் திறங்கள். மெயிலில் வந்த எந்த லிங்கையும் தொட்டு உள்ளே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் போனில் இருக்கும் ஆப்பைத் திறங்கள்.

முதலில், கணக்கை மீட்பதற்கென்று கொடுத்து வைத்திருக்கும் போன் எண்ணையும் மாற்று மெயில் முகவரியையும் பாருங்கள். அவை உங்களுடையவைதானா? திருடன் தன்னுடைய எண்ணைச் சேர்த்திருந்தால், "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லி மறுபடி உள்ளே வந்துவிடுவான். அப்புறம், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். தெரியாத கருவி எதுவும் இல்லை என்று தோன்றினாலும் பரவாயில்லை, எல்லாவற்றிலிருந்தும் வெளியேறச் சொல்லும் பொத்தானை அழுத்திவிடுங்கள். பாஸ்வேர்ட் மாறினாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை எல்லாத் தளங்களும் தாமாக வெளியே தள்ளுவதில்லை. உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும் வெளி ஆப்களின் பட்டியலும் அங்கேயே பக்கத்தில் இருக்கும். எது என்னவென்று தெரியவில்லையோ அதை நீக்கிவிடுங்கள். தேவையானதாக இருந்தால் அதுவே மறுபடி அனுமதி கேட்கும்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டும், மெயில்களைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டரும். ஒரு சிறு நிறுவனத்தின் மெயிலைப் பார்க்கச் சொல்லி ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றியிருந்தார்கள். அப்படியும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு, சரியான தொகையும் சரியான தேதியும் போட்ட போலி பில்கள் போய்க்கொண்டே இருந்தன. செட்டிங்ஸில் ஒரே ஒரு ஃபில்டர் இருந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். பார்த்தால் திரையில் அழுக்கு என்று நினைப்பீர்கள். பில், பணம் என்ற சொற்கள் உள்ள மெயில் எது வந்தாலும் ஒரு பிரதியை வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பு, இங்கே 'படித்தாயிற்று' என்று குறி, யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளு. அவ்வளவுதான் அந்தப் புள்ளியின் வேலை. திருடன் அதன் பிறகு உள்ளே வரவே இல்லை. வர வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. எல்லாம் வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தது. நிறுவனத்தின் முகவரியைப் போலவே ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியை வைத்துக்கொண்டு அவன் பில் அனுப்பிக்கொண்டிருந்தான்.

உங்கள் தொழிலே கணக்கு எழுதுவது என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மெயில் பெட்டியில் மற்றவர்களுடைய பில்களும் வங்கி விவரங்களும் இருக்கும். நீங்கள் கணக்கு எழுதும் நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் நீங்களே போன் செய்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று என் பெயரில் எது வந்தாலும் என்னிடம் குரலில் கேட்காமல் போடாதீர்கள் என்று சொல்லுங்கள். சங்கடமான பேச்சுதான். ஆனால் அவர்களுக்கு இது வேறு வழியில் தெரிய வந்தால் அதைவிடச் சங்கடம். இந்த வகை மோசடியால் 2023-ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐக்குப் புகார்கள் வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஃபில்டரில் ஏதாவது தென்பட்டால், அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் புகாருக்கு உதவும்.

அடுத்து, அந்தப் பத்துப் பன்னிரண்டு இடங்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி. திருடப்பட்ட ஒரு மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. மனிதர் யாரும் உட்கார்ந்து தட்ட வேண்டியதில்லை. 2012-ல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டுஇன் தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் திருடு போயின. இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் லிங்க்டுஇன்னில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை அலுவலகத்திலும் வைத்திருந்தார். அந்த ஒரு சாவியால் டிராப்பாக்ஸுக்குள் நுழைந்தார்கள். 6.8 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரம் போயிருந்தது என்பது 2016-ல்தான் வெளியே வந்தது. கணினியே தொழிலாக இருப்பவரும் செய்த தவறு அது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று மலைத்துப்போக வேண்டாம். வரிசை இதுதான்: இன்றைக்கு மெயிலும் வங்கியும். நாளைக்கு போன் நிறுவனத்தின் கணக்கும், பணம் அனுப்பும் ஆப்களும், வாட்ஸ்அப்பும். மற்றவை இந்த வாரத்துக்குள். எங்கோ ஒருமுறை பொருள் வாங்கக் கணக்குத் திறந்த கடைக்கும் தனி பாஸ்வேர்ட் வேண்டும், ஆனால் அது கடைசியில் இருக்கட்டும்.

இத்தனையை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். வைக்க வேண்டாம். பாஸ்வேர்ட் மேனேஜர் என்ற ஆப் ஒவ்வொரு தளத்துக்கும் நீளமான ஒரு பாஸ்வேர்டை உருவாக்கித் தானே வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். உங்கள் போனிலும் பிரவுசரிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதுவே போதுமானது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. போலித் தளத்துக்குப் போனால் அது பாஸ்வேர்டை எடுத்துத் தராது, ஏனென்றால் அது பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை, முகவரியை மட்டுமே பார்க்கிறது. தானாக நிரம்ப வேண்டிய இடம் நிரம்பாமல் நின்றால், நீங்களும் நின்றுவிடுங்கள்.

ஆப் பிடிக்கவில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்று யாராவது அதட்டினால் பொருட்படுத்தாதீர்கள். இணையத்தில் இருக்கும் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட அந்த நோட்டு எத்தனையோ மேல்.

பெரிய எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் கலக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதிகளை மறந்துவிடலாம். 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக அந்த அறிவுரையை எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பாலானதற்காக வருந்துவதாக 2017-ல் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதிகளைத் திருத்தியது: நீளம் முக்கியம், திருடு போனதற்கு அறிகுறி இல்லாமல் சும்மா சும்மா மாற்றச் சொல்லக் கூடாது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை வரிசையாகப் போட்டாலே நல்ல பாஸ்வேர்ட். பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல், அதை அணைத்துவிடாதீர்கள். ஆனால் அதை ஏமாற்றி வாங்க முடியும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். 30 நொடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றும் ஆதென்டிகேட்டர் ஆப்பில், உங்கள் சிம்மைக் கைப்பற்றிக்கொண்டு ஓடிபியைப் பிடிக்கும் வேலை நடக்காது. ஆனால் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் தட்டிவிட்டால் போயிற்று. உங்களுக்கு நான் சொல்வது பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022 முதல் முன்னெடுத்து வரும் முறை இது. கைரேகையோ முகமோ காட்டினால் போன் உங்களுக்காகத் தளத்திடம் பேசிக்கொள்ளும். தட்டச்சு செய்ய எதுவுமே இல்லை, அதனால் ஏமாந்து கொடுக்கவும் எதுவும் இல்லை. அந்தச் சாவி தளத்தின் உண்மையான முகவரியோடு கட்டப்பட்டது. வேறு முகவரியில் அசையாது. போன வாரம் உங்களிடம் பாஸ்கீ மட்டுமே இருந்திருந்தால், அந்த மெயிலை முழுக்க நம்பி லிங்கைத் தொட்டிருந்தாலும் திருடனுக்கு எதுவும் கிடைத்திருக்காது. இதே தத்துவத்தில் இயங்கும், கணினியில் செருகும் சிறு பாதுகாப்புச் சாவிகளை கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. 2017 தொடக்கத்திலிருந்து ஒருவருடைய வேலைக் கணக்கும் இப்படிப் பறிபோகவில்லை என்று 2018-ல் அந்த நிறுவனம் சொன்னது. ஊழியர்கள் ஏமாறாதவர்களாக மாறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்தாலும் கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

போன் தொலைந்தால் பயன்படுத்த, சில தளங்கள் செட்டிங்ஸில் அவசர எண்கள் தரும். அவற்றைத் தாளில் எழுதி, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

இனி வரும் மெயில்களை எப்படிப் பார்ப்பது? முகவரியைப் படிக்கும் முறையை ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். உதாரணமாக 'உங்கள்மெயில்.காம்.சரிபார்ப்பு-உதவி.நெட்/லாகின்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண் இடப்பக்கம் தொடங்கி 'உங்கள்மெயில்.காம்' என்பதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடும். அங்கேதான் பிடிக்கிறார்கள். முதல் தனிச் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வாருங்கள். சாய்கோட்டை ஒட்டியிருக்கும் கடைசித் துண்டுகள்தான் வீட்டுக்காரரின் பெயர்: 'சரிபார்ப்பு-உதவி.நெட்'. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு மாட்டிய பலகை. பூட்டுப் படத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். எதிரே இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

ஆனாலும் களைத்துப்போன ஒரு மாலையில், சின்ன போன் திரையில், யாரும் இப்படி நின்று படிக்கமாட்டார்கள். நானும்தான். அதனால் இதைவிட எளிதான ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன்: யாரோ காட்டும் வழியில் போகாமல் என் வழியில் போவது. மெயில் பெட்டி நிரம்பியதா? மெயில் ஆப்பைத் திறந்து பார்த்தால் நிரம்பியது தெரிந்துவிடும். வங்கியிலிருந்து அழைக்கிறார்களா? சரி என்று வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நானே அழைப்பேன். மெயில் பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்கும் வேலையே அப்போது இல்லை. உண்மையானதாக இருந்தால் என் வழியிலும் அது தெரிந்தே தீரும்.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள், சுருக்கமாக. போனும் கணினியும் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் 150 நாடுகளில் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் நுழைந்த ஓட்டையை, மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே அடைத்து அப்டேட் கொடுத்திருந்தது. மாட்டியவர்கள் அதைப் போடாதவர்கள். வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகளை ஒரு தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, எடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அந்தப் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்புறம், வரும் வாரங்களில் உங்களுக்கோ தோழிக்கோ யாராவது போன் செய்து, "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு சிறு கட்டணம்" என்று சொல்லலாம். போலீஸ் என்றும் வக்கீல் என்றும் சொல்லிக்கொள்வார்கள், உங்களுக்கு நடந்தது முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் என்ன, ஏமாற்றியவர்களே அந்த விவரத்தை விற்றிருப்பார்கள், அல்லது அவர்களேதான் வேறு குரலில் பேசுகிறார்கள். உங்கள் திரையை அவர்கள் பார்ப்பதற்கு ஆப் இறக்கச் சொன்னாலும் அதே கதைதான். போனை வைத்துவிடுங்கள். தோழிக்கும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, கணக்கை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த முகவரியை நம்பித்தான் உங்கள் வங்கியும் வாடிக்கையாளர்களும் பத்துப் பன்னிரண்டு தளங்களும் இருக்கின்றன. சில நிறுவனங்கள், கைவிடப்பட்ட மெயில் முகவரியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. யாஹூ 2013-ல் அப்படிச் செய்தது. அப்போது உங்களுக்கு வர வேண்டிய "பாஸ்வேர்டை மாற்ற இங்கே தொடவும்" என்ற மெயில்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். புது முகவரிதான் மனதுக்கு நிம்மதி என்றால் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு தளமாக அதற்கு மாற்றுங்கள். பழையதைப் பாஸ்கீயோடு அப்படியே வைத்திருந்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், இன்னும் யார் அங்கே எழுதுகிறார்கள் என்று.